கடனை மறைக்காதீர்கள்: பாதுகாப்பு அனுமதி கேட்டு நிற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க ராணுவத்திலோ, அதற்கு வேலை செய்யும் நிறுவனங்களிலோ சேரப்போகும் நம் பிள்ளைகளுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். வேலை கிடைத்துவிட்டது, பாதுகாப்பு அனுமதிக்கான, அதாவது ரகசியத் தகவல்களைப் பார்க்க அரசு தரும் ஒப்புதலுக்கான எஸ்எஃப்-86 படிவம் நிரப்ப வேண்டும். "அண்ணா, பழைய கிரெடிட் கார்டு பாக்கி ஒன்று வசூல் நிறுவனத்திடம், அதாவது கலெக்‌ஷனுக்குப் போய்விட்டது. அதை எழுதாமல் விட்டால் என்ன?" என்று கேட்டார். விட்டுவிடாதீர்கள் என்றேன். அதையேதான் உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

கடனைப் பார்த்து அரசு ஏன் பயப்படுகிறது? 1985-ல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் சோவியத் தூதரகத்துக்குள் நடந்து போய் ரகசியம் விற்றபோது கேட்ட முதல் தொகை 50,000 டாலர். கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பயம் நியாயமானதுதான்.

ஆனால் யாருக்கு அனுமதி தரலாம் என்று முடிவு செய்ய 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதிகளில், பணம் சம்பந்தப்பட்ட 'எஃப்' பிரிவைப் படித்துப் பாருங்கள். இத்தனை டாலருக்கு மேல் கடன் இருந்தால் அனுமதி இல்லை என்று எங்குமே இல்லை. கடன் எப்படி வந்தது, வந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். வேலை போனது, விவாகரத்து, திடீர் மருத்துவச் செலவு, வீட்டில் ஒரு சாவு, உங்கள் பெயரில் வேறு யாரோ வாங்கிய கடன் எல்லாமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அதற்கப்புறம் நீங்கள் பொறுப்பாக நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கதையையே சொல்கிறேன். மகளுக்குக் கை முறிந்து எமர்ஜென்சிக்குப் போன பில், வீடு மாறியதால் பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்தது. 1,840 டாலர். அனுமதிக்காக என் பின்னணியை விசாரிக்க வந்த அம்மையார், என் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை மேசையில் என் பக்கம் திருப்பி, அந்த ஒரு வரியைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். எனக்கு வேர்த்துவிட்டது. தெரியாது என்றேன், அது உண்மை. அன்றைக்கே வசூல் நிறுவனத்தைக் கூப்பிட்டு, மாதம் 230 டாலர் வீதம் எட்டு மாதத்தில் கட்டி முடித்தேன். ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோத்து அனுப்பினேன். அனுமதி வந்தது.

தெரிந்தே மறைத்திருந்தால் கதை வேறு. அது கடன் பிரச்சினை இல்லை, நேர்மைப் பிரச்சினை. அதே விதிகளில் அதற்கு 'இ' என்று தனிப் பிரிவே இருக்கிறது. படிவத்தில் தெரிந்து பொய் சொல்வது ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய மத்தியக் குற்றமும்கூட.

படிவத்தின் 26-வது பகுதியை நிதானமாகப் படியுங்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் கலெக்‌ஷனுக்குப் போனவை, 120 நாளுக்கு மேல் கட்டாமல் விட்டவை, தாக்கல் செய்யாத வரி எல்லாம் அங்கே கேட்கப்படும். நண்பனுக்கோ மச்சானுக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் அதில் சேர்த்தி. நம்மவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். மறுக்க மனமில்லாமல் போட்ட கையெழுத்தை மறந்தே போயிருப்போம்.

கடனைக் காரணம் காட்டி, அனுமதி மறுக்கப்படலாம் என்று நோட்டீஸ் வந்தாலும் இடிந்து போய் உட்காராதீர்கள். ஒப்பந்த நிறுவன ஊழியருக்குப் பதில் எழுத 20 நாள் உண்டு, நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம். கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள். பதிலோடு பேங்க் ஸ்டேட்மென்ட், தவணை ஒப்பந்தம் எல்லாவற்றையும் இணையுங்கள். தொகை பெரிதென்றால் வக்கீலைப் பாருங்கள்.

இன்னொன்று. அனுமதி கையில் வந்த பிறகும் உங்கள் கிரெடிட் விவரங்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். தவணை தவறும் நிலை வந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் ரிப்போர்ட்டும் இலவசமாகவே கிடைக்கும். படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் மூன்றையும் எடுத்து, பழைய விலாசங்கள் உட்பட வரிக்கு வரி பாருங்கள். சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்