முடிவு வருமுன் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தொழில்முறைப் பொறியியலாளர்களை ஒழுங்குபடுத்தும் பி.ஈ.ஓ அமைப்பின் ஆளும் சபையான கவுன்சிலுக்கான தேர்தலில், கிழக்கு மத்திய பிராந்திய ஆசனத்துக்குப் போட்டியிட்டவரின் தேர்தல் குழு எழுதிக்கொள்வது. வாக்களிப்பு முடிந்துவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை. வந்தபின் எழுதினால் இது வெற்றிச் செய்தியாகவோ தோல்விக்கு ஆறுதலாகவோ ஆகிவிடும். நீங்கள் செய்த வேலை எந்த முடிவுக்கும் ஒன்றுதான் என்பதால் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறோம்.

முதலில், நியமனப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு. அதைவிட ஒரு படி மேலாக, அந்தக் கையெழுத்துகளைச் சரிபார்த்தவர்களுக்கு. பிராந்திய ஆசனத்துக்கு அந்தப் பிராந்தியத்தில் வசிப்பவர்தான் முன்மொழியலாம். ஸ்காபரோவில் இருந்து மிசிசாகாவுக்கு வீடு மாறியவர், வேலை ஸ்காபரோவிலேயே இருந்தாலும், மேற்கு மத்திய பிராந்தியத்துக்குப் போய்விடுகிறார். அவரது கையெழுத்து இங்கே எடுபடாது. சந்தா நிலுவையில் இருப்பவரின் கையெழுத்தும் சிக்கல்தான். நம்மவர்களுக்கென்றே இன்னொரு தலையிடி இருக்கிறது: பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு வந்துவிட, பதிவேட்டிலும் அப்படியே ஏறியிருக்கும். ஆளோ தாளில் எல்லோரும் கூப்பிடும் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்திருப்பார். ஆகவே அனுமதிப்பத்திர இலக்கத்தை முதலில் வாங்கி, பி.ஈ.ஓ இணையத்தளத்தின் பொதுப் பதிவேட்டில் தேடி, அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரை எழுதி, அதன் பிறகே கையெழுத்துக்கு நீட்டினீர்கள். கேட்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும் சேர்த்தீர்கள். அடுத்து போட்டியிட நினைப்பவர்கள் இந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடைசி வாரத்தில் ஓடித்திரிய வேண்டியிராது.

வேட்பாளர் அறிக்கையை வெட்டித் திருத்தியவர்களுக்கு அடுத்த நன்றி. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தேர்தல் என்றாலே வாக்குறுதி என்ற பழக்கத்தில், சம்பளத்தை உயர்த்துவோம், வேலைவாய்ப்பைப் பெருக்குவோம் என்று எழுதத்தான் கை போகும். பி.ஈ.ஓ தொழிற்சங்கமல்ல. பொதுமக்களின் நலன் பேணப்படும்படி பொறியியல் தொழிலை ஒழுங்குபடுத்துவதே சட்டம் அதற்குக் கொடுத்த வேலை. பொறியியலாளர்களின் நலனுக்காக வாதாட 2000ஆம் ஆண்டு முதல் ஓ.எஸ்.பி.ஈ என்று தனி அமைப்பு இருக்கிறது. இரண்டையும் குழப்பும் அறிக்கையை விவரம் தெரிந்த வாக்காளர் முதல் பந்தியிலேயே மூடிவிடுவார். ஒவ்வொரு வரியையும் எடுத்து, “இது கவுன்சிலின் கையில் இருக்கிற விடயமா, அரசாங்கத்தின் கையில் இருக்கிறதா, பதிவாளரின் கையில் இருக்கிறதா?” என்று கேட்டுக்கேட்டு வெட்டினீர்கள். எஞ்சியது அனுமதிக்கப்பட்ட சொல்லளவை விடக் குறைவு. படிக்கிறவருக்கு அது நல்லதே.

கேள்வி கேட்டு மடக்கியவர்களை மறக்க முடியாது. அதிகம் வந்த கேள்வி பீக் பற்றியது. 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமான இந்தத் தொடர்கல்வித் திட்டத்தை நிறைவேற்றாதவரின் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படலாம். “ஆண்டுதோறும் படிவம் நிரப்பவா பொறியியல் படித்தோம்? எடுத்துவிடுவோம் என்று சொல்லுங்கள், வாக்குத் தருகிறோம்” என்றார்கள் பலர். மாட்டோம் என்பதுதான் எங்கள் வேட்பாளரின் பதில். எலியட் லேக் நகரின் அல்கோ சென்டர் மாலில், கூரைமேல் இருந்த வாகனத் தரிப்பிடத்தின் ஊடாகத் தண்ணீரும் வீதியுப்பும் ஆண்டுக்கணக்காகக் கசிந்து, உருக்கு இணைப்பு அரித்து, 2012 ஜூன் 23 அன்று அது இடிந்து விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு பொறியியல் நிறுவனம் பார்வையிட்டு, கட்டமைப்பு உறுதியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தது. 2014இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை கட்டாயத் தொடர்கல்வியையும் பரிந்துரைத்தது. படிவத்தைச் சுருக்கலாம், கேள்விகளைத் தொழில்துறைக்கு ஏற்றவையாக மாற்றலாம், அவ்வளவுதான். இந்தப் பதிலால் சில வாக்குகள் போயிருக்கும். பதிலை மழுப்பாதீர்கள் என்று வற்புறுத்திய மூத்தவர்களுக்குத் தனி நன்றி.

வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் கனடிய அனுபவம் பற்றிக் கேட்டார்கள். அனுமதிப்பத்திரத்துக்குக் கேட்கப்படும் 48 மாத அனுபவத்தில் 12 மாதம் கனடாவில் இருக்க வேண்டும் என்ற விதி 2023 மே மாதத்திலேயே நீங்கிவிட்டது. இது இன்னும் பலருக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்ன தன்னார்வலர்கள், தேர்தலுக்கு அப்பாலும் பயன்படும் வேலையைச் செய்திருக்கிறார்கள்.

வாக்களிப்பு நாட்களில் தொலைபேசியில் இருந்தவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது. வாக்குச் சீட்டு மின்னஞ்சலில் வருகிறது, பதிவேட்டில் உள்ள முகவரிக்கு. பாதிப் பேர் கொடுத்திருப்பது பழைய அலுவலக முகவரி. வேலை மாறியதும் அது செத்துவிடும். இன்னும் சிலருக்குக் குப்பை அஞ்சலில் போய் விழும். போதாததற்கு, பீக் நினைவூட்டல்களும் அதே நேரத்தில், ஜனவரியில்தான் வரும். “இதுவும் அதுதான்” என்று திறக்காமலே அழித்தவர்கள் உண்டு. இந்தத் தேர்தல்களில் வாக்களிப்போர் வீதம் எப்போதுமே குறைவு. அதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல, தொலைந்துபோன மின்னஞ்சல்களும் காரணம். நீங்கள் யாரிடமும் “இவருக்குப் போடுங்கள்” என்று தொடங்கவில்லை. “பி.ஈ.ஓ கணக்கில் எந்த மின்னஞ்சல் இருக்கிறது, பார்த்தீர்களா?” என்றே தொடங்கினீர்கள். அனுமதிப்பத்திரம் இன்னும் கைக்கு வராத இளையவர்களுக்கு வாக்குரிமை இல்லை. தங்களுக்கு வாக்கில்லை என்று தெரிந்தும் பின்னேரங்களில் வந்து அழைப்பெடுத்த பிள்ளைகளே, உங்கள் முறை வரும்.

உதவ மறுத்தவர்களுக்கும் நன்றி உண்டு. பி.ஈ.ஓவின் உள்ளூர்க் கிளையான சாப்டரின் மின்னஞ்சல் பட்டியலைத் தர முடியாது, எல்லா வேட்பாளருக்கும் ஒரே அளவு நேரம்தான் என்று சொன்ன நிர்வாகிகள் சரியாகவே நடந்தார்கள். நிறுவனத்தின் சின்னத்தைப் பிரசாரத்தில் போடாதீர்கள் என்று தடுத்த மேலாளரும் அப்படியே. அதே ஆசனத்துக்கு நின்ற மற்ற வேட்பாளர்கள் கேள்வி நேரத்தைக் கண்ணியமாக வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் வணக்கம்.

இனி, வெளிப்படையாக ஒன்று. எங்கள் வேட்பாளர் கவுன்சிலுக்குப் போனால், உதவியவர் எவருக்கும் அவரால் கைமாறு செய்ய முடியாது. அனுமதிப்பத்திரம் கொடுப்பது பதிவாளரின் வேலை. முறைப்பாடுகளை முறைப்பாட்டுக் குழு பார்க்கும், ஒழுக்காற்று வழக்குகளை ஒழுக்காற்றுக் குழு பார்க்கும். “என் மருமகனின் விண்ணப்பத்தை ஒருக்கால் பாருங்கோ” என்று கேட்டால், பார்க்க மாட்டேன் என்ற பதில்தான் வரும், கோபிக்க வேண்டாம். இதைத் தெரிந்துகொண்டே நீங்கள் வேலை செய்தீர்கள். அதனால்தான் நன்றிக்கடனை மடலாகவே தீர்க்கிறோம்.

கையெழுத்துத் தாள்களின் பிரதிகளையும் அனுமதிப்பத்திர இலக்கங்களும் தொலைபேசி எண்களும் உள்ள பட்டியலையும், முடிவை எதிர்த்து முறையிடும் காலம் கடந்ததும் அழித்துவிடுவோம். வாட்ஸ்அப் குழு அன்றே மூடப்படும். அதற்கு முன் உங்கள் பெயரை எடுத்துவிட விரும்பினால் ஒரு வரி போடுங்கள், உடனே செய்கிறோம்.

நன்றியுடன்,
தேர்தல் குழுவினர்