அப்பத்தா நம்பிக்கைய அளந்தீங்க, ஹார்லிக்ஸ் பாட்டில யாரு கேட்டா?

மருத்துவக் கருத்துக்கணிப்பு எடுக்க எங்க ராமநாதபுரம் கடக்கரைப் பக்கம் வந்துட்டுப் போன ஆய்வுக் குழு ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

எந்த ஆஸ்பத்திரி வாசல்ல அட்டையும் பேனாவுமா நின்னீங்கன்னு உங்களுக்கே தெரியும், அதனால பேரு எழுதல. சுகர் பாக்குற லைன்ல நின்ன எங்க அப்பத்தாவையும் கேட்டீங்க. அது பாசி எடுக்கப் போன ஆளு. வெரல்ல துணியச் சுத்திக்கிட்டு தண்ணிக்குள்ள கல்லுல பாசி பிச்சுப் பிச்சு நுனியெல்லாம் காச்சுப் போயி கெடக்கும், அந்த வெரல்ல ஊசி குத்துனா ஒரு சொட்டு ரத்தம் வர நர்ஸக்கா ரெண்டு தடவ பிதுக்கணும்.

வெள்ளக் கோட்டு போட்ட ஒரு தம்பிதான் வாசிச்சாரு. "மாற்று மருத்துவத்தைக் கடைசி வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை", இதுக்கு அஞ்சுல ஒரு நம்பர் சொல்லுங்க பாட்டின்னாரு. அப்பத்தா என்னயப் பாத்து "ஏத்துக்கலங்கறத ஏத்துக்கணுமாடி?"ன்னு கேட்டுச்சு. மாற்று மருத்துவம்னா என்னன்னு கேட்டதுக்கு நாட்டு மருந்துன்னு தம்பி சொல்ல, "அதுவாய்யா மாத்து, இங்கிலீஷ் மருந்துல்ல பின்னாடி வந்துச்சு"ன்னு அது பாட்டுக்கு சொல்லிச்சு. தம்பி சிரிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் அஞ்சுதான். இங்கிலீஷ் மருந்த நம்புறீங்களா, அஞ்சு. டாக்டர் சொல்றபடி நடப்பீங்களா, அஞ்சு. வெளிய வந்து ஏன் அப்பத்தா அப்படிச் சொன்னன்னு கேட்டா "வேற மாதிரி சொன்னா மாத்திரைய நிறுத்திப்புடுவாகடி"ங்குது. முன்னாடி ஒரு தடவ கசாயம் குடிக்கிறேன்னு உள்ள சொல்லி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்ட ஆளு அது. உங்க ரிப்போர்ட்டுல இது முழு நம்பிக்கைன்னு ஏறியிருக்கும்.

அந்த வாரமே ராத்திரி ஒருநாள் அப்பத்தாவுக்கு வேர்த்து ஊத்துது, கை நடுங்குது, செத்துப்போன தாத்தாவ வலைய எடுத்து வைங்கன்னு சொல்லுது. பக்கத்து வீட்டு மிஷின்ல பாத்தா சுகர் 48தான், ரொம்பக் கொறைஞ்சு போச்சு. சீனியக் கரைச்சுக் குடுத்தா "என்னத்தடி மண்ணக் கரைச்சுக் குடுக்குற"ன்னு தட்டி விடுது. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. சிறுகுறிஞ்சான் பொடி! அது நாக்குல பட்டா கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது, சீனி மணலு மாதிரிதான் இருக்கும். சுகரயும் அது கொறைக்கும். காலையில சுகரக் கொறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரை, ராத்திரி அரைவயித்துக்குக் கஞ்சி, மேல ரெண்டு ஸ்பூன் பொடி. மூணும் சேந்து கீழ தள்ளிருச்சு. அடுப்படி பலகையில ஹார்லிக்ஸ் பாட்டில்ல அந்தப் பொடி எத்தன மாசமா இருக்கோ தெரியல, எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

உங்க தாள்ல அத்தன கேள்வி இருந்துச்சே, மாத்திரையோட வேற என்ன சாப்பிடுறீங்கன்னு ஒரு கேள்வி இருந்துச்சா? நான் கேக்குறது இவ்வளவுதாங்க. எத நம்புறீங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி என்ன முழுங்குறீங்கன்னு கேளுங்க. திட்டாமக் கேளுங்க.

அஞ்சு கட்டத்துல டிக் அடிக்கிறது 1932ல லிக்கர்ட்ங்கிற அமெரிக்கர் கொண்டு வந்த முறைன்னு நானும் காலேஜ்ல படிச்சிருக்கேன். அதக் குத்தம் சொல்லல. ஆனா மாத்திரை வாங்க நிக்கிற கிழவிகிட்ட வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டு கேட்டா எதுக்கும் ஆமான்னுதான் வரும், அப்படி எல்லாத்துக்கும் ஆமா போடுறவங்களக் கண்டுபிடிக்கத்தான நடுவுல அர்த்தம் தலகீழா ரெண்டு வாக்கியம் போடுவாங்க, நீங்க போட்ட அந்த "ஏற்கவில்லை" வாக்கியம் எனக்கே ரெண்டு தடவ படிச்சாத்தான் புரிஞ்சுச்சு.

இன்னொன்னு. திருக்கை மீனு முள்ளு குத்துனா எங்க ஆளுக தாங்குற சூட்டுல சுடுதண்ணி வச்சு கால முக்கி உக்காருவாக. டாக்டருங்க படிக்கிற புக்குலயும் அதான் இருக்கு, 45 டிகிரிக்கு மேல போகாம அரைமணி நேரத்துலேருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும், சூடு பட்டா அந்த வெஷம் முறியும்னு. அப்ப சுடுதண்ணி இங்கிலீஷ் மருந்தா, நாட்டு மருந்தா? எந்தக் கட்டத்துல டிக் அடிக்கணும்? 2020ல கபசுரக் குடிநீர கவர்மெண்டே தெருத் தெருவா ஊத்துச்சு, வரிசையில நின்னு குடிச்சோம், அப்பல்லாம் அது மாத்து மருந்து இல்ல போல.

நம்பிக்கையோட வெல எங்களுக்குத் தெரியாதுன்னும் நெனச்சுறாதீங்க. 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடியில, தர்காவுல கொணமாகும்னு நம்பிக் கொண்டாந்து விட்டு சங்கிலியில கட்டிப்போட்ட மனநோயாளிங்க 28 பேரு தீயில கருகுனது எங்க மாவட்டத்துலதான். எல்லாத்துக்கும் நாட்டு மருந்தே போதும்னு வாட்ஸ்அப்ல அனுப்புறவங்க கட்சி நான் இல்ல. சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும்.

தயவுசெஞ்சு அடுத்த தடவ லைன்ல வச்சுக் கேக்காதீங்க. வீட்டுக்கு வாங்க, கோட்ட கழட்டி வச்சுட்டு வாங்க. முடியலன்னா மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை கொண்டாந்து குடுக்குற அக்காமாரக் கேக்க விடுங்க, 2021லேருந்து அவங்கதான் வீடு வீடா வர்றாங்க. என்ன முழுங்குறீங்கன்னு கேட்டு, அத சீட்டுல டாக்டர் கண்ணுல படுற மாதிரி எழுதச் சொல்லுங்க. சித்தா டாக்டர் குடுத்ததா, கடையில வாங்குனதா, பக்கத்து வீட்டுல அரைச்சதான்னும் சேத்து.

பாட்டில நான் தூக்கிப் போடல. போட்டா வேற எடத்துல ஒளிச்சு வைக்கும். நீங்க வந்தா எடுத்துக் காட்டச் சொல்றேன், திட்ட மாட்டாகன்னு நான் சத்தியம் பண்ணாத்தான் காட்டுவேன்னு சொல்லிருக்கு.

இப்படிக்கு,
அன்னைக்கு லைன்ல அப்பத்தா பையத் தூக்கிட்டு நின்ன பேத்தி