பூப்பந்துத் திடலிலிருந்து மேடைக்கு: அந்த அக்காவுக்கு நன்றி

சிங்கப்பூர்த் தேக்காவில் எங்கள் குழுவுக்கு இம்ப்ரோவ், அதாவது எழுதி வைக்காமல் மேடையிலேயே உடனுக்குடன் உருவாக்கி நடிக்கும் நகைச்சுவைக்கு, பயிற்சி கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போன அக்காவுக்கு மனமார்ந்த நன்றி.

போட்டி விளையாட்டை விட்டு இம்ப்ரோவ் நகைச்சுவைக்கு வரும் பூப்பந்து வீரர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று சரியாகப் பிடித்தீர்கள். எதிராளியின் அடுத்த அடியை முன்கூட்டியே கணிக்கும் பழக்கம்தான்! கூட நடிப்பவர் பேசி முடிப்பதற்குள் பதில் தயார். காட்சி அங்கேயே படுத்துவிடும். அவருடைய கடைசிச் சொல்லிலிருந்தே நம் வாக்கியம் தொடங்க வேண்டும் என்றீர்கள். பயிற்சி இப்படி: இருவர், மூன்று நிமிடம், பிறகு ஆள் மாற்றம். தோளை இறக்கி, மூச்சை முழுக்க விட்டுப் பேசாவிட்டால் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

1977இல் கனடாவின் கேல்கரியில் நாடக இயக்குநர் கீத் ஜான்ஸ்டன் தொடங்கிய தியேட்டர்ஸ்போர்ட்ஸுக்கு (அணிகள் போட்டி போட்டு நடிக்கும் இம்ப்ரோவ்) மல்யுத்தக் காட்சிகளின் ஆரவாரமே தூண்டுதல் என்று நீங்கள் சொன்னது வீரர்களுக்குப் பெரிய தெம்பு.

மறுபடி வாங்க, அக்கா.