பயிற்சி மாணவர்களைப் பாடம் நடத்த விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். பி.எட். பயிற்சி மாணவர்கள் பள்ளிகளில் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கணித ஆசிரியையாக ஆண்டுதோறும் அவர்களுக்கு வழிகாட்டுகிறேன். போன வாரம் பார்த்ததுதான் என்னை எழுத வைத்தது.

ஆறாம் வகுப்பு, பின்னக் கூட்டல். பி.எஸ்சி. கணிதம் நன்றாகப் படித்த பயிற்சி மாணவி கரும்பலகையில் 1/2 + 1/3 என்று எழுதினார். ஒரு பையன் எழுந்து 2/5 என்றான். "தப்பு, மீ.சி.ம. எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவரே கணக்கைப் போட்டு முடித்தார். பையன் உட்கார்ந்துவிட்டான். 'எப்படிப் போட்டாய்?' என்று கேட்டிருந்தால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டினேன் என்று சொல்லியிருப்பான். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு விடை எப்படி அரையை விடக் குறையும் என்று அவனையே யோசிக்க வைத்திருக்கலாம்.

அந்த மாணவியை நான் குறை சொல்ல மாட்டேன். கல்லூரியில் சக மாணவர்களுக்கே சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் மைக்ரோ டீச்சிங்கில் அவர் எதிரே உட்கார்ந்தவர்கள் அவருடைய தோழிகள். அவர்களில் யாரும் 2/5 என்று சொல்லப்போவதில்லை. வகுப்பு முடிந்ததும் இருவரும் பேசினோம். மறுநாள் அதே பையனிடம் அவர் கேட்ட கேள்வி அருமையாக இருந்தது. ஆனால் அன்று நான் பின் பெஞ்சில் இருந்ததே தற்செயல். மற்ற நாட்களில் அந்த நேரத்தை எமிஸ் பதிவு, அதாவது பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் வேலை, எடுத்துக்கொள்கிறது.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, பள்ளிப் பயிற்சிக்கு 20 வாரம் ஒதுக்கின. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். அந்த வாரங்கள் எங்கே போகின்றன? ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்வதில், விழா ஒத்திகையில், இரவெல்லாம் கல்லூரிக்குக் காட்ட வேண்டிய பயிற்சிப் பதிவேடுகளான ரெக்கார்டு எழுதுவதில். இயற்பியல் படித்துவிட்டு வந்து, ஒருநாள் கூட ஆய்வகத்தைத் திறக்காமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. அவர்களை அவரவர் பாடத்தை நடத்த விடுங்கள். பாடம் தெரிந்த ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு. 150 கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவை. பையன் சொன்ன தவறான விடையை என்ன செய்வது என்று வகுப்பில் நின்று காட்ட அதில் இடமே இல்லை. இப்போது பட்டப்படிப்பையும் பி.எட்.-ஐயும் சேர்த்துப் படிக்கும் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பும் வந்துவிட்டது. ஆண்டுகளைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள், வகுப்பறையில் கூடவே ஒரு ஆள் இருப்பதற்கு மட்டும் வழி செய்யவில்லை. இந்த வருத்தம் எனக்கு மட்டும் உரியதல்ல.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பயிற்சி வாரங்களில் மாணவர்களுக்கு வேறு வேலை தரக்கூடாது என்று பள்ளிகளுக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள். வழிகாட்டி ஆசிரியருக்கு வாரத்தில் சில பாடவேளைகளையாவது அவர்கள் வகுப்பைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். ரெக்கார்டுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். அடுத்த அணி பள்ளிக்கு வருவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர்