சேக்காளிக்கு, தங்கச்சி கை விஷயமா

அன்புள்ள சேக்காளிக்கு,

இங்க பாவநாசத்துல தண்ணி தொறந்து பிசான நடவு மும்முரமா நடக்கு. அதெல்லாம் கெடக்கட்டும். தபால்ல போட்டா வந்து சேர நாளாகும்னுதான் பேரனை விட்டு வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லுதேன்.

முத்தத்துல வழுக்கி விழுந்து தங்கச்சிக்கு மணிக்கட்டு ஒடிஞ்சிட்டு, மாவுக்கட்டு போட்டாச்சுன்னு சொன்னீரு. எலும்பு கூடிரும்வே. எனக்கு நரம்பை நெனச்சுத்தான் கவலை.

கல்லிடைக்குறிச்சி அக்காவுக்கு போன ஐப்பசியில இதே ஒடிவுதான். கட்டு போட்ட அன்னிக்கு ராத்திரி வலி கூடிக்கிட்டே போச்சு, மாத்திரைக்கு அடங்கலை. விரல் மரக்குன்னா. "கட்டுன்னா அப்படித்தான், பொறுத்துக்கிடுங்க"ன்னு போட்டவங்க போன்லயே சொல்லிட்டாவ. அவ மருமவ கெட்டிக்காரி. அக்காளைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாத் தொட்டுருக்கா. சுண்டுவிரல் தெரிஞ்சுது, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தெரியலை. ராத்திரியோட ராத்திரியா பாளையங்கோட்டைக்குக் காரு. கட்டைப் பொளந்து விட்டும் உணர்ச்சி வரலைன்னு ஆபரேஷன் பண்ணுனாவ.

மணிக்கட்டுல உள்ளங்கைப் பக்கம் ஒரு இடுக்குப் பாதை. விரலை மடக்குத 9 தசைநாணும், பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரலுக்கு உணர்ச்சி குடுக்குத ஒரு நரம்பும் அதுக்குள்ளதான் போவுது. சுத்தி எலும்பு, மேல தடிச்ச சவ்வு. ஒடிஞ்ச இடத்துல ரத்தம் கட்டி வீங்குனா அது விரிஞ்சு குடுக்காது, நரம்பு நசுங்கும். கட்டு இறுக்கமா இருந்தாலோ, கையை ரொம்ப மடக்கி வச்சுக் கட்டியிருந்தாலோ இன்னும் மோசம். அந்தச் சவ்வைத்தான் அக்காவுக்கு அறுத்து விட்டாவ. கை முறுக்கு சுத்துத கைவே அது! மாவு இழையுற பதத்தைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சொல்லலைன்னா முறுக்கு ஏது? இப்ப சுத்துதா, பழைய வேகம் இல்லை.

வளையல், மோதிரம் கழட்டியாச்சா? மொத ரெண்டு மூணு நாள்தான் வீக்கம் ஜாஸ்தி. தலகாணி மேல, நெஞ்சுக்கு மேல ஒசரத்துல கை இருக்கட்டும். விரலை மடக்கி நீட்டிக்கிட்டே இருக்கச் சொல்லும். மரப்பு மணிக்கு மணி கூடுனா, விரலை நீட்டி விட்டா உயிர் போற வலி வந்தா, விரல் வெளுத்தாலோ நீலம் பாரிச்சாலோ, விடியட்டும்னு இருக்காதீரும். உம்ம பெரியம்மா கட்டைப் பிரிச்சுட்டு மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டலாம்பா. பெரியவுகதான், ஆனா அது மட்டும் வேண்டாம்.

இந்த நரம்பு நசுங்குத கோளாறு, கட்டு பிரிச்சு மாசக்கணக்குக் கழிச்சும் வரலாம். ராத்திரி கை மரத்து முழிப்பு தட்டும், உதறுனாத் தேவலைன்னு இருக்கும், பெருவிரலுக்குக் கீழ சதை வத்தும். அப்பவும் டாக்டர்கிட்டக் காட்டணும். தங்கச்சிக்கு 50 தாண்டியாச்சே, சும்மா விழுந்ததுக்கே ஒடிஞ்சிருக்கு, எலும்பு அடர்த்தியும் ஒரு தடவை பாத்துக்கிடும்.

இதைப் படிச்ச கையோட கண்ணை மூடச் சொல்லி விரலைத் தொட்டுப் பாத்துட்டு எனக்குப் போன் போடும். எத்தனை மணியானாலும் சரி, முழிச்சுத்தான் இருப்பேன்.

உம்ம பழைய சேக்காளி