தட்டச்சின் நடுவே குறுக்கிடும் சாளரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினியில் பின்னணியில் இயங்கும் மென்பொருள்கள், நாம் வேறொரு வேலையில் இருக்கும்போது தம் சாளரத்தைத் தாமாகவே முன்னால் கொண்டுவந்து விசைப்பலகையைப் பறித்துக்கொள்ளும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதம்.

அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவன் என்பதால் இதன் விளைவை அடிக்கடி பார்க்கிறேன். பத்திர எழுத்தர் ஒருவர் கையெழுத்துப் பிரதியில் கண்வைத்து, கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தை வேகமாக அடித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு மென்பொருள் 'இப்போது புதுப்பிக்கலாமா?' என்று பெட்டியைத் திறக்கிறது. சர்வே எண்ணும் நான்கெல்லையும் ஆவணத்தில் பதியாமலே போகின்றன. பத்தி முடிந்ததென்று அவர் தட்டும் என்டர் 'சரி' பொத்தானுக்குப் போய்ச் சேர, நிமிர்ந்து பார்க்கும்போது கணினி மறுதொடக்கத்துக்கு ஆயத்தமாக இருக்கிறது. கடவுச்சொல் அடிக்கும்போது அரட்டைச் சாளரம் குறுக்கிட்டால், அது எல்லோரும் படிக்கும்படி அங்கே வெளிப்படையாக விழுந்துவிடும்.

இதைத் தடுக்க வழியில்லை என்பதல்ல. விண்டோஸ் 98, 2000 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பின்னணியில் உள்ள மென்பொருள் தன்னை முன்னிறுத்தக் கேட்டால், பொதுவாக அதை மறுத்து, டாஸ்க்பாரில் அதன் பொத்தானை மட்டும் மினுக்கிக் காட்டுவதே ஏற்பாடு. பயனர் கடைசியாக விசையையோ மவுஸையோ தொட்டதிலிருந்து இந்தக் காப்பு நீடிக்கும் காலம், யாரும் மாற்றாதவரை, 200 விநாடி. ஆனால், ஆல்ட் விசை அழுத்தப்பட்டதாகக் கணினிக்குப் பொய்யாக உணர்த்தியோ, முன்னால் உள்ள மென்பொருளின் உள்ளீட்டோடு தன்னைப் பிணைத்துக்கொண்டோ இந்தத் தடையைத் தாண்டும் குறுக்குவழிகளைச் சில நிரலாளர்கள் கையாளுகின்றனர். தம் அறிவிப்பு கண்ணில் படாமல் போய்விடுமோ என்ற அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. அதற்காக அடுத்தவர் அடித்துக்கொண்டிருக்கும் வரியைத் துண்டிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. ஆப்பிள் கணினிகளுக்கு 2023இல் வந்த மேக்ஓஎஸ் சொனோமா இயங்குதளம் இதில் முன்னைவிடக் கண்டிப்பானது. லினக்ஸில் கேடிஇ என்னும் திரைச்சூழலைப் பயன்படுத்துவோர் இந்தத் தடுப்பின் அளவைத் தாங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பார்வையற்றோருக்கு இது இன்னும் கொடியது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள், ஃபோகஸ் (அதாவது, நாம் தட்டும் விசைகள் போய்ச் சேரும் இடம்) எங்கே இருக்கிறதோ அதையே பின்தொடர்ந்து வாசிப்பவை. சாளரம் மாறிய கணமே, கேட்டுக்கொண்டிருந்த வாக்கியம் அறுந்து, சம்பந்தமில்லாத பெட்டியின் வாசகம் காதில் விழுகிறது. விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பது அவர்கள் பொறுப்பாகிவிடுகிறது.

அறிவிப்பைத் திரையின் ஓரத்தில், ஃபோகஸைத் தொடாமல் காட்டும் வசதி விண்டோஸிலேயே உண்டு. பெட்டியைத் திறந்தே ஆக வேண்டிய இடங்களில், ஃபயர்பாக்ஸ் உலாவி சில பாதுகாப்புக் கேள்விகளின்போது செய்வதைப் போல, 'சரி' பொத்தானைச் சிறிது நேரம் செயல்படாமல் வைக்கலாம். அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் மென்பொருள் வாங்கும்போது, பயனர் கேட்காமல் ஃபோகஸைப் பறிக்கக் கூடாது என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக எழுதி, ஏற்புச் சோதனையின்போது ஒருவரைத் தட்டச்சு செய்யவைத்து அதைச் சரிபார்த்த பிறகே பணம் வழங்க வேண்டும் என உரிய அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.