ஸ்கிளீரோடெர்மா தோலோட நிக்கிற நோய் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த தோல் நோய் கட்டுரைல ஸ்கிளீரோடெர்மாவுக்கு ரெண்டே வரிதான், தோல் இறுகும், க்ரீம் தடவுங்கன்னு முடிச்சிட்டீங்க, படிச்சதும் மனசு கேக்கல, அதான் எழுதுறேன். எங்க அக்காவுக்கு இந்த நோய் வந்து ஒன்பது வருஷமாச்சு. மொதல்ல பச்சத்தண்ணில கை வச்சாலே விரல் வெளுத்து அப்புறம் நீலமாயிடும், பிறகு விரல் வீங்கி மோதிரத்த வெட்டித்தான் எடுத்தோம், தோல் டாக்டர் கிட்டயே ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு.

அப்புறம் படி ஏறினா மூச்சு வாங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், பாத்தவங்க எல்லாம் டென்ஷன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கடைசில ஒரு ருமட்டாலஜி டாக்டர்தான் (மூட்டு நோயும் இந்த மாதிரி நோயும் பாக்குறவர்) இதயத்த ஸ்கேன் பண்ற எக்கோவும், 24 மணி நேரம் இதயத் துடிப்ப பதிவு பண்ற ஹோல்டர் டெஸ்டும் எடுக்கச் சொன்னார், இதயத்த சுத்தி நீர் கோத்திருக்கு, துடிப்பும் சீரா இல்ல. கொலாஜன்னு ஒரு புரதம் அளவுக்கு மேல சேந்துதான் தோல் இறுகுது, அதே மாதிரி இதயத் தசை, நுரையீரல், உணவுக்குழாய்லயும் தழும்பு விழும், சின்ன ரத்தக்குழாயும் சுருங்கிப்போகும்னு அவர் படம் போட்டு சொன்னப்பதான் எங்களுக்கு விளங்குச்சு.

யாருமே பேசாதது யூரின் விஷயம். ராத்திரி ஏழெட்டு தடவ எந்திரிப்பா, பாத்ரூம் போறதுக்குள்ள சேலை நனைஞ்சிடும், வெக்கப்பட்டு எங்க கிட்டகூட சொல்லாம கல்யாண வீட்டுக்குப் போறதையே நிறுத்திட்டா. ஒரு கிளினிக்ல கல்ச்சர்ல கிருமி எதுவும் வளரலன்னு ரிப்போர்ட் வந்தும் இன்பெக்‌ஷன்னே மூணு தடவ ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, அத நெனச்சா இப்பவும் கோவம் வருது. இந்த நோய்ல மூத்திரப்பைத் தசையும் இறுகி விரிய முடியாமப் போகலாம், அடிக்கடி நடக்காது ஆனா நடக்கும். நுரையீரல் பாதிப்புக்கு சைக்ளோபாஸ்பமைடுன்னு ஒரு மருந்து போட்டா அந்த மருந்தே மூத்திரப்பைய புண்ணாக்கி ரத்தம் வரலாம், நிறைய தண்ணி குடிக்கணும்னு அக்காவுக்கு சொன்னாங்க.

கிட்னி விஷயம் இன்னும் பயம். இந்த நோய் உள்ளவங்களுக்கு பிபி திடீர்னு எகிறினா அன்னிக்கே ஆஸ்பத்திரி போயாகணும், நாள் தள்ளினா கிட்னியே போயிடலாம், ஸ்டீராய்டு அதிக டோஸ்ல எடுத்தா இந்த ஆபத்து கூடும்னு சொல்றாங்க. அதனால வீட்லயே பிபி மெஷின் வாங்கி வச்சு நோட்டுல எழுதிட்டு வர்றோம், வருஷா வருஷம் எக்கோவும் நுரையீரல் டெஸ்டும் எடுக்கிறோம்.

அடுத்த இதழ்ல தயவுசெஞ்சு ஒரு ருமட்டாலஜி டாக்டர வச்சு முழுசா ஒரு கட்டுரை போடுங்க, யூரின் பிரச்சனையையும் விடாம எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி